மூன்றாம் நாள் இரவுக்கு ஒரு பெட்டி

பெறுநர்:
செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தமிழ்நாடு அரசு
இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள்
தாலுகா மருத்துவமனைகளின் தலைமை மருத்துவர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்த ஒருவர் ஞாயிறு இரவு தாலுகா மருத்துவமனையில் சேர்கிறார். மாவுக்கட்டுப் போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, ஆண்கள் வார்டில் படுக்க வைக்கிறார்கள். திங்கட்கிழமை கை லேசாக நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறார். வலியினால் என்று கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. செவ்வாய் விடியற்காலை ஃபிட்ஸ். செவ்வாய் இரவு, உடம்பில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுகிறார், சுவரோரம் நிற்கும் யாரோடோ பேசுகிறார், ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார், கட்டுப்போட்ட காலோடு எழுந்து நடக்கப் பார்க்கிறார். கூட இருக்கும் தம்பி துண்டை எடுத்துக் கட்டிலோடு கட்டுகிறான். டூட்டி டாக்டர் அலமாரியில் இருக்கிற தூக்க ஊசியைப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறார். வழியில் இறந்தால் விபத்து மரணம். பிழைத்தால் "குடிகாரன், வார்டுல ஒரே ரகளை". குடிநோய் என்ற சொல் இரண்டு ஏட்டிலும் இருக்காது.

குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். குடியை நிறுத்தும் முதல் ஐந்து நாட்களை ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையும் தன் பொது வார்டிலேயே பார்க்க வேண்டும். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், மனநல மருத்துவர் இரவு பகலாக இருக்கவும் வேண்டாம். ஒரு பெட்டி மருந்து, ஒரு தாள், நான்கு கேள்விகள் போதும். "கலங்கரை" என்ற பெயரில் 2025-ல் அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் மேலே சொன்னவர் அந்த மையத்தின் வாசலை மிதிக்கவே போவதில்லை. அவர் கால் முறிந்து வந்தவர். மஞ்சள் காமாலைக்கும் காசநோய்க்கும் குடலிறக்க ஆபரேஷனுக்கும் வருகிறவர்களில் இவரைப் போன்றவர்கள் தினமும் உங்கள் வார்டில் படுத்திருக்கிறார்கள். எய்ம்ஸின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் 2019-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180-ல் ஒருவர். மீதிப் பேர் எங்கே என்று தேட வேண்டாம். வேறு நோயின் பெயரில் நம்மிடமேதான் இருக்கிறார்கள்.

முதலில் கேள்விகள். "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாவது" என்று பதில் வரும். பக்கத்தில் மனைவி நின்றால் அதுவும் வராது. அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர்? கடைசியாக என்றைக்கு, எத்தனை மணிக்கு? முன்பு நிறுத்தியபோது ஃபிட்ஸோ உளறலோ வந்ததுண்டா? காலைக்கென்று எடுத்து வைப்பது உண்டா? இந்த நான்காவது கேள்விதான் எங்கள் அனுபவத்தில் கூர்மையானது. டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. கண் விழித்ததும் கை நடுங்குகிறவருக்கு அதுவரை தாங்காது. அதனால் முந்தின இரவே ஒரு கட்டிங் மிச்சம் வைப்பார், இல்லாவிட்டால் கூடுதல் விலைக்கு வாங்கும் இடம் அவருக்குத் தெரிந்திருக்கும். "காலையில அடிச்சாத்தான் கை நிக்கும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் வேறு பரிசோதனையே தேவையில்லை. அவர் நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது.

அளவையும் தோராயமாக விடாமல் கணக்காக எழுதலாம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தி, ரம் எதுவானாலும் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். இரண்டு குவார்ட்டர் என்றால் 120 கிராம். மாதக்கணக்கில் தினமும் இந்த அளவு உள்ளே போன மூளை, அமுக்கும் சரக்கை எதிர்த்துத் தள்ளியே பழகியிருக்கிறது. அமுக்கும் கை திடீரென்று விலகினால், தள்ளிக்கொண்டிருந்த கை நிற்பதில்லை. நடுக்கம், வேர்வை, நாடித்துடிப்பு, ஃபிட்ஸ், உளறல் எல்லாம் அந்தத் தள்ளல்தான்.

இந்த நோய் கடிகாரம் பார்த்து நடக்கும். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், குமட்டல், தூக்கமின்மை. 12 முதல் 24 மணிக்குள் சிலருக்கு இல்லாத குரலும் உருவமும். 6 முதல் 48 மணிக்குள் ஃபிட்ஸ். 48 முதல் 96 மணிக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்னும் கடும் குழப்ப நிலை: காய்ச்சல், ஏறிய ரத்த அழுத்தம், இடம், காலம், ஆள் தெரியாத உளறல். மணியை எண்ணத் தொடங்குவது கடைசிக் குடியிலிருந்து. அட்மிஷன் நேரத்தை வைத்து எண்ணுகிறவர்கள் ஒரு நாள் பின்தங்கிப் போகிறார்கள். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், அலர்ஜி எழுதும் இடத்துக்குக் கீழே, "கடைசிக் குடி: தேதி, மணி" என்று ஒரு வரி அச்சிடுங்கள். இந்த மடலில் நாங்கள் கேட்பவற்றில் காசே ஆகாதது அதுதான்.

சிகிச்சை இல்லாத காலத்தில் இந்தக் குழப்ப நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாகப் பழைய மருத்துவ ஏடுகள் சொல்கின்றன. நேரத்துக்கு மருந்து கொடுத்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. அந்த நேரம் இரண்டாம் நாள் பகல். மூன்றாம் நாள் இரவுக்குள் அது கடந்து போயிருக்கும்.

இனி மருந்து. இதில் நாங்கள் அதிகம் பேசப்போவது தயமின் என்கிற வைட்டமின் பி1 பற்றி. விலை மலிவு, விளம்பரம் கிடையாது, ஆகவே மறந்துபோகிறது. தொடர்ந்து குடிக்கிறவர் சோறு சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் ஊறுகாய், ஆம்லெட், சுண்டல். சாப்பிடுகிற சோறும் தீட்டிய பச்சரிசியென்றால் அதில் தயமின் சொற்பம். குடல் உறிஞ்சுவதும் குறைந்துபோயிருக்கும். உடம்பில் தயமின் சேமிப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. இப்படி வற்றிய உடம்பில் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினால், அந்தச் சர்க்கரையை எரிக்கவே மிச்சமிருந்த தயமினும் போய்விடுகிறது. மூளையின் சில பகுதிகள் அப்படியே கருகத் தொடங்கும். வெர்னிக்கே நோய் என்பது அது. அறிகுறி மூன்று: குழப்பம், கண் ஆட்டம், நடைத் தள்ளாட்டம். மூன்றும் ஒருசேர வருவது குறைவு. வந்தாலும் குடிபோதை மாதிரியே இருக்கும் என்பதால் "இன்னும் தெளியல, ஒரு பாட்டில் டி.என்.எஸ். போடுங்க" என்று அதே குளுக்கோஸ் மறுபடி ஏறும். தப்பிப் பிழைத்தவர் பல மாதம் கழித்து, காலையில் சாப்பிடாத இட்லியையும் சட்னியையும் உங்களிடம் நிதானமாக விவரித்துக்கொண்டிருப்பார். நினைவு சேரும் இடமே போயிருக்கும். அது பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஆகவே வழக்கமான குடியோடு வருகிற எவருக்கும் குளுக்கோஸுக்கு முன் தயமின். தடுப்பளவு, நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் ஊசியாக, குறைந்தது ஐந்து நாள். குழப்பமோ கண் ஆட்டமோ தெரிந்தால் 500 மில்லிகிராமை 100 மில்லி சலைனில் கலந்து அரை மணி நேரமாக, நாளைக்கு மூன்று வேளை. முதல் நாட்களில் மாத்திரையை நம்ப முடியாது, குடலில் ஏறுவது மிகக் குறைவு. பி காம்ப்ளக்ஸ் ஊசியும் இதற்கு ஈடாகாது, அதில் தயமின் பெரும்பாலும் கொஞ்சம்தான். ரத்தச் சர்க்கரை உண்மையிலேயே தாழ்ந்திருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். குளுக்கோமீட்டர் சொட்டு ஒன்றில் தெரிகிற விஷயம் இது. தயமின் கொடுத்தும் தெளியவில்லையென்றால் மக்னீசியம் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் தயமின் வேலை செய்யாது.

அடுத்து பென்சோடயசெபைன் வகை: டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு, லோரசிபாம். மூளையில் மது பிடித்திருந்த இடத்தையே இவையும் பிடிப்பதால் தள்ளல் அடங்கி, பிறகு நாளுக்கு நாள் குறைத்து நிறுத்த முடிகிறது. நடுத்தரக் குடிநோயாளிக்கு டயசிபாம் 10 மில்லிகிராம் நாளுக்கு நான்கு வேளை என்று இரண்டு நாள், பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி முடித்தால் மொத்தம் 14 மாத்திரை. கடுமையான நிலையில் இது போதாது. நடுக்கம் அடங்கும் வரை 20 மில்லிகிராம், இரண்டு மணிக்கொருமுறை பார்த்துப் பார்த்துத் தர வேண்டியிருக்கும். பார்ப்பது என்றால் சும்மா எட்டிப் பார்ப்பதல்ல. சி.ஐ.டபிள்யூ.ஏ. என்ற அளவுத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 67 மதிப்பெண். நடுக்கத்துக்கு இவ்வளவு, வேர்வைக்கு இவ்வளவு என்று செவிலியர் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். எட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது, ஏறினால் அடுத்த வேளை. கூடவே மூச்சு எண்ணிக்கையும் ஆக்சிஜன் அளவும் அதே தாளில். தூங்குகிறவரை எழுப்பி மாத்திரை கொடுக்க வேண்டாம்.

கல்லீரல் கெட்டவர், வயதானவர், மூச்சுத் திணறல் உள்ளவருக்கு டயசிபாம் உடம்பில் தேங்கும். அவர்களுக்கு லோரசிபாம், அதுவும் குறைந்த அளவில். ஃபிட்ஸ் வந்துவிட்டால் லோரசிபாம் 2 மில்லிகிராம் நரம்பு வழி. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். தடுப்பூசிக் குளிர்பெட்டியை இரவில் பூட்டிவிட்டுப் போகிற மருத்துவமனையில் லோரசிபாம் இருந்தும் இல்லாத கணக்குத்தான். டயசிபாமைச் சதையில் ஊசியாகப் போடுகிறார்கள், அது ஏறுவதும் ஏறாததும் அதன் இஷ்டம். நரம்பில் என்றால் நிமிடத்துக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் மெதுவாக, மூச்சு நின்றால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையில் வைத்துக்கொண்டு.

சாவிப் பிரச்சினை இன்னொன்று. இவை பூட்டில் வைத்துப் பதிவேட்டில் கணக்கெழுதும் மருந்துகள். சாவி மருந்தாளுநரோடு மாலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டால், இரவு இரண்டு மணிக்கு டூட்டி டாக்டர் கைக்கு எட்டுவது ஹாலோபெரிடாலும் ப்ரோமெத்தசினும்தான். முன்பெல்லாம் குளோர்ப்ரோமசின். ஆளை அமைதியாக்கும், உள்ளே இருக்கும் தள்ளலைத் தொடாது, ஃபிட்ஸ் வரும் வாசலை இன்னும் தாழ்த்திவிடும். மாயக்காட்சிக்குத் துணை மருந்தாக ஹாலோபெரிடாலுக்கு இடமுண்டு, பென்சோடயசெபைன் போதிய அளவு போன பிறகு. அதேபோல, குடி நிறுத்தியதால் வரும் ஃபிட்ஸை ஃபெனிட்டாயின் (எப்டாயின்) தடுக்காது. ஆனாலும் "ஃபிட்ஸா? எப்டாயின் போடு" என்று கை தானாகப் போகிறது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே எழுதிவிடுகிறோம், இந்த மடலை வீட்டிலிருப்பவர்களும் படிப்பார்கள். மேலே உள்ளவை மருத்துவமனைக் கணக்குகள். மெடிக்கலில் வாங்கி வீட்டில் போட்டால், நடுவில் ஒரு கட்டிங் உள்ளே போனால், மூச்சு நின்றுவிடும்.

நடுங்குகிறவரெல்லாம் இதே நோயாளி என்று முடிவு கட்டிவிடுவதும் ஆபத்துத்தான். போதையில் விழுந்த தலைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் ஃபிட்ஸ், நேரமாக ஆக மந்தமாகும் ஆள், இவருக்குத் தாலுகாவில் காத்திருக்காமல் ஸ்கேன். வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு இறக்கைபோல அடித்துக்கொண்டு, பகலெல்லாம் தூங்குகிறவருக்குக் கல்லீரல் செயலிழப்பினால் வந்த குழப்பம், அவருக்கு டயசிபாம் விஷம். பார்வை பனி மூடியதுபோல மங்குவதாகச் சொன்னால் மெத்தனால். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் பலிகொண்ட அதே விஷம். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு, டயாலிசிஸ் இருக்கும் இடத்துக்கு உடனே.

கட்டிப் போடுவது பற்றி. கட்டினால் திமிறுவார், திமிறினால் காய்ச்சல் ஏறும், தசை நொறுங்கும், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். விளக்கை அணைக்காமல் வைத்து, கடிகாரம் தெரியும் கட்டிலில் போட்டு, ஒரே செவிலியர் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இது ஆஸ்பத்திரி, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பாதி ரகளை அடங்குகிறது. மருந்து போதாத இடத்தில்தான் துண்டு வேலைக்கு வருகிறது.

இனி, நாமே ஆளைத் திடீரென்று நிறுத்த வைக்கிற இடங்கள். "பத்து நாள் குடிக்காம வாங்க, ஆபரேஷன் வச்சுக்கலாம்" என்று ஓ.பி.யில் சொல்லி அனுப்புகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் தினமும் மூன்று குவார்ட்டர் குடிப்பவர் அதை நம்பி வீட்டில் நிறுத்தினால் மூன்றாம் நாள் இரவு அவர் ஊரில் நடக்கும், பேய் பிடித்ததாகச் சொல்லிக் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். மாலை போடுவதும் இப்படித்தான். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக் குடியை அன்றோடு விடுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. விரதத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. 41 நாள் குடிக்காமல் இருக்க ஊரே ஒருவரை மதித்து, சாமி என்று கூப்பிட்டு, துணை நிற்பது எந்த ஆலோசனைக் கூட்டமும் தர முடியாத பலம். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே வந்து மருந்தோடு நிறுத்திவிட்டுப் போட்டால் அந்தப் பலம் முழுதும் அவருக்குக் கிடைக்கும். ஒருமுறை மாலை போட்டுக் கழற்றி, மறுபடி குடித்து, மறுபடி நிறுத்தி என்று வருடா வருடம் போனால் ஒவ்வொரு நிறுத்தமும் முந்தியதைவிடக் கடுமையாகும். போன வருஷம் வெறும் நடுக்கம், இந்த வருஷம் ஃபிட்ஸ்.

2020 ஊரடங்கில், மார்ச் 24 மாலையிலிருந்து மே 7 வரை கடைகள் மூடியிருந்தபோது இதே பாடம் மாநிலம் முழுதுக்கும் ஒரே வாரத்தில் நடந்தது. கடை மூடுவதற்கு உத்தரவு இருந்தது, மூன்றாம் நாளுக்கு எந்த உத்தரவும் இல்லை. காவல் நிலையத்திலிருந்து ரிமாண்டுக்கு, அங்கிருந்து கிளைச் சிறைக்குப் போகிறவர்களும் அப்படியே. சிறைக்கு அனுப்புமுன் மருத்துவச் சான்று தரும் உங்கள் மருத்துவர், கடைசிக் குடி எப்போது என்று கேட்டு எழுதினாலே அடுத்த இரவு ஒரு வார்டர் கவனிப்பார்.

எல்லோரையும் சேர்க்க வேண்டியதில்லை. முன்பு ஃபிட்ஸோ உளறலோ வராதவர், வேறு பெரிய நோய் இல்லாதவர், வீட்டில் குடிக்காத ஒருவர் கூட இருப்பவர், தினமும் வந்து காட்டக்கூடியவர் என்றால் ஓ.பி.யிலேயே ஐந்து நாள் முடிக்கலாம். இரண்டு நாள் மாத்திரைக்கு மேல் ஒரே தடவையில் தரக்கூடாது. பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடிநோய் வார்டென்றால் ஆண்கள் வார்டு என்றே கட்டிடத்தில் எழுதியிருக்கிறது. பெண் வந்தால் படுக்கையும் இல்லை, கேள்வியும் இல்லை. இந்த நான்கு கேள்விகளை மகளிர் வார்டிலும், தனியறையில், சேர்த்துக் கேளுங்கள்.

ஆறாம் நாள் நடுக்கம் நின்றவர் "சரியாயிட்டேன்" என்று கிளம்புவார், நாமும் படுக்கை காலியாகிற சந்தோஷத்தில் அனுப்பிவிடுவோம். நஞ்சு இறங்கியிருக்கிறது, நோய் அப்படியே இருக்கிறது. மறுபடி குடிக்கத் தொடங்குவது அதிகமும் முதல் மூன்று மாதத்தில். டிஸ்சார்ஜ் சம்மரியில் அடுத்த தேதி இல்லாமல் யாரையும் அனுப்ப வேண்டாம்: ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், பிறகு மாதம் ஒருமுறை. கையில் கொடுத்தனுப்ப மருந்தும் இருக்கிறது. நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம், தினம் ஒன்று. குடித்தால் கிடைக்கும் அந்தக் கிக்கை மழுங்கடிக்கும். கல்லீரல் பரிசோதனை பார்த்துத் தொடங்க வேண்டும், ஓபியாய்டு என்னும் அபின் வகை வலி மாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம், வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, கல்லீரல் கெட்டவருக்கும் தரலாம், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. டயசிபாமை மட்டும் மாதச் சீட்டில் எழுதித் தராதீர்கள். ஆறு மாதத்தில் அவர் இரண்டுக்கும் அடிமையாகி வந்து நிற்பார்.

டைசல்ஃபிரம் என்னும் மாத்திரை பற்றிக் கூடுதல் கவனம். அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சிலருக்கு இதயமே நின்றுபோகும். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து, சம்மதித்து, வீட்டில் ஒருவர் கண்முன்னே விழுங்கினால் சிலருக்கு அருமையான மருந்து. ஆனால் "குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடிகளில் இதுவே கலந்திருக்கக்கூடும் என்பதால், காரணம் தெரியாமல் முகம் சிவந்து ரத்த அழுத்தம் விழுந்து வருகிற குடிநோயாளியின் மனைவியைத் தனியே கூப்பிட்டு, திட்டாமல், குழம்பில் ஏதாவது கலந்தாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வேறு வழி யாரும் காட்டாததால் அவர் அந்தப் பொடிக்குப் போனார். அவரிடம் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416, மருத்துவ உதவி எண் 104, தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446 ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். ஊரில் குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எங்கே எந்தக் கிழமை என்பதையும், குடும்பத்தாருக்கான ஆல்-அனான் பற்றியும் சொல்லி அனுப்புங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

மருந்து தீர்ந்தால் மறுபடி வாங்க ஒரு நாள் கூலியை விட்டு எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வரச் சொல்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு போகிறது. அந்தப் பையில் நால்ட்ரெக்சோன் பட்டை ஒன்றுக்கும் இடம் இருக்கும். வீட்டில் யாரும் பார்க்காமல் தரும் முறையையும் அந்தத் தன்னார்வலருக்குச் சொல்லித் தர வேண்டும், ஊருக்குள் செய்தி பரவினால் அடுத்த மாதம் கதவு திறக்காது.

நாம் பார்க்காத ஐந்து நாட்களை யார் பார்க்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டார் தொலைபேசியில் கூப்பிட, இரவோடு இரவாக வேனில் நான்கு பேர் வந்து ஆளைத் தூக்கிப்போய் மூன்று மாதம் பூட்டி வைக்கும் "மறுவாழ்வு இல்லங்கள்". எல்லாமும் அப்படியல்ல, ஒழுங்காக நடப்பவையும் உண்டு. ஆனால் "மாத்திரை குடுத்தா அதுக்குப் பழகிடுவான், வைராக்கியத்துல தாண்டட்டும்" என்கிற இடத்தில் மூன்றாம் நாள் இரவு என்ன நடக்குமென்று மேலே எழுதியாகிவிட்டது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த நிலைகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. ஆகவே இந்த இல்லங்களும் பதிவு பெற வேண்டியவை. சம்மதமில்லாமல் சேர்ப்பது பிரிவு 89-ன் கீழ் மட்டுமே முடியும்: இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், 30 நாளுக்கு மேல் அந்தப் பிரிவில் வைத்திருக்க முடியாது, ஏழு நாளுக்குள், பெண்ணோ சிறாரோ ஆனால் மூன்று நாளுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது என்பது பிரிவு 95. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்த 28 பேருக்குப் பிறகும் இதைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. ஆய்வுக்குப் போகிறவர்கள் பதிவுச் சான்றிதழைப் பார்ப்பதோடு, தயமின் ஊசி எங்கே, கடந்த மாதம் எத்தனை செலவானது என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியில் இல்லத்தின் ஜாதகமே தெரிந்துவிடும்.

கடைசியாகப் பெட்டி. இரண்டு நோயாளிக்கு ஐந்து நாள் என்ற கணக்கில்: தயமின் 100 மில்லிகிராம் ஊசி 30, குழப்ப நிலைக்கென்று அதற்கு மேல் 50. டயசிபாம் 10 மில்லிகிராம் மாத்திரை 50. லோரசிபாம் 2 மில்லிகிராம் மாத்திரை 30, ஊசி 10, ஊசி மட்டும் குளிர்பெட்டியில். மக்னீசியம் சல்பேட் ஊசி 10. குளுக்கோமீட்டர் பட்டைகள், அளவுத்தாள் ஒரு கட்டு. சாவி இரவுப் பணிச் செவிலியரிடம், பதிவேடு அவர் மேசையில், பணி மாறும்போது எண்ணி ஒப்படைக்க. செவிலியருக்கும் டூட்டி டாக்டருக்கும் அளவுத்தாள் பயிற்சி ஒரு நாள் போதும். மருத்துவக் கல்லூரி மனநலத் துறையின் தொலைபேசி எண்ணைப் பெட்டி மூடியில் ஒட்டிவையுங்கள்.

மாநிலத்துக்கு இரண்டு கழகங்கள் உண்டு. ஒன்றான டாஸ்மாக், குவார்ட்டர் இருப்பில்லை என்று எந்தக் கடையையும் சொல்ல விடுவதில்லை. 2023-24-ல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இன்னொன்றான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தயமின் ஊசியையும் நால்ட்ரெக்சோனையும் அதே ஒழுங்கோடு தாலுகா வரை கொண்டுசேர்க்கும் திறமை உள்ளதுதான், இன்டென்ட் என்னும் மருந்துக் கேட்புப் பட்டியல் போனால். கார்த்திகை முதல் தேதி நவம்பர் 16-லோ 17-லோ வரும். மாலை போடுகிறவர்கள் ஐப்பசிக் கடைசியில் குடியை நிறுத்தத் தொடங்குவார்கள். இன்டென்ட் புரட்டாசியில் போயாக வேண்டும்.

இப்படிக்கு,
குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரியும்
மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள்